புவாத்வேன்: இழுக்கப் பிறக்காத இழுவைக் குதிரை

கேட்கப்பட்ட கேள்வி இது: "பிரான்சில் அருகிவரும் இழுவைக் குதிரை இனங்களில் புவாத்வேன் என்று ஒன்று இருக்கிறதாம். ஓர் இடத்தில் அதை இழுவைக் குதிரை என்கிறார்கள். இன்னோர் இடத்தில், அது இழுவைக்காக வளர்க்கப்பட்டதே இல்லை என்கிறார்கள். எது சரி? மற்ற பிரெஞ்சு இனங்களெல்லாம் ஓரளவு தாக்குப்பிடிக்க, இது மட்டும் ஏன் இவ்வளவு மெலிந்துபோனது?"

இரண்டும் சரிதான். உடம்பைப் பார்த்தால் அது இழுவைக் குதிரை. பிரெஞ்சு அரசுப் பதிவேட்டிலும் அந்த வரிசையில்தான் இருக்கிறது. ஆனால் முந்நூறு ஆண்டுகளாக அதை வளர்த்தவர்கள் அது எவ்வளவு பாரம் இழுக்கும் என்று கவலைப்பட்டதே இல்லை. அவர்களுக்கு வேண்டியது அதன் வயிறு. கோவேறு கழுதையை ஈன்று தரும் தாய்க்குதிரை அது. அதனால்தான் அதற்கு 'ம்யூலாசியே' என்று இன்னொரு பெயர். 'கோவேறு கழுதைக்கானது' என்று பொருள். உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் இதற்குள்தான் இருக்கிறது. ஆகவே குதிரையை விட்டுவிட்டுக் கோவேறு கழுதையிலிருந்து தொடங்குகிறேன்.

ஆண் கழுதைக்கும் பெட்டைக் குதிரைக்கும் பிறப்பது கோவேறு கழுதை. 'கோ ஏறும் கழுதை' என்று அந்தச் சொல்லைப் பிரித்துக் காட்டுவார்கள். சங்கப் பாட்டில் இதற்கு 'அத்திரி' என்று பெயர்; நெய்தல் நிலத் தலைவன் அதில் ஏறி உப்பங்கழி கடந்து வருவான். ஆக, கழுதை என்று பெயர் இருந்தாலும் மதிப்புக் குறைந்த பிராணி அல்ல அது. குதிரையின் உயரமும் பலமும் அதற்கு உண்டு. கழுதையின் பொறுமையும், சொற்பத் தீவனத்தில் காலம் தள்ளும் உடம்பும், மலைப்பாதையில் தடுமாறாத காலும் சேர்ந்து வரும். ஆயுளும் அதிகம். குறை ஒன்றே ஒன்று. குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62, இதற்கு 63. ஒற்றைப்படையாக நிற்பதால் சோடி சேராது. மிக அபூர்வமான விதிவிலக்குகளைத் தவிர, குட்டி போடாது. கோவேறு கழுதையை வைத்துக் கோவேறு கழுதையைப் பெருக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் ஒரு கழுதையும் ஒரு குதிரையும் வேண்டும். இந்த ஒரு சங்கதிதான் மேற்கு பிரான்சில் ஒரு வட்டாரம் முழுவதற்கும் சோறு போட்டது.

தாயாகப் பெரிய குதிரை எதற்கு என்று கேட்கலாம். 1938-இல் கேம்பிரிட்ஜில் வால்டன், ஹேமண்ட் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். உலகின் மிகப் பெரிய குதிரை இனங்களில் ஒன்றான ஷையரையும், குள்ளமான ஷெட்லாண்டையும் செயற்கைக் கருவூட்டல் மூலம் இரு வழியிலும் கலந்தார்கள். தாய் ஷெட்லாண்ட் என்றால் குட்டி சிறியது. தாய் ஷையர் என்றால் குட்டி பெரியது. இரு தரப்புக்கும் மரபுப் பங்கு ஒன்றுதான் என்றாலும் குட்டியின் அளவைத் தாயின் கருப்பைதான் கட்டுப்படுத்தியது. புவாத்து விவசாயி இதைப் பல தலைமுறைக்கு முன்பே அனுபவத்தில் தெரிந்து வைத்திருந்தான். பெரிய கோவேறு கழுதை வேண்டுமென்றால் இடுப்பு அகன்ற, எலும்பு கனத்த தாய் வேண்டும். அவ்வளவுதான் அவன் சூத்திரம்.

இனி இடத்துக்கு வருவோம். புவாத்து என்பது பிரான்சின் மேற்கே, அட்லாண்டிக் கடலை ஒட்டிய பழைய மாகாணம். நியோர், மெல், ஃபோந்த்னே-ல-கோம்த் ஆகியவை அங்குள்ள ஊர்கள். கடலோரமாகப் பரந்த சதுப்பு நிலம் ஒன்று உண்டு. இன்று 'மரே புவாத்வேன்' என்று சுற்றுலாக்காரர்கள் படகில் போகும் இடம். அது இயற்கையாக அப்படி அமைந்ததல்ல, வெட்டி வடித்து உண்டாக்கியது. 1217-இல் ஐந்து மடாலயங்கள் சேர்ந்து ஒரு வடிகால் வெட்டின; 'ஐந்து மடாதிபதிகள் கால்வாய்' என்றே இன்றும் அதற்குப் பெயர். பிறகு வந்த போர்களில் கரைகள் இடிந்து நிலம் மறுபடி நீருக்குள் போனது. 1599-இல் அரசர் நான்காம் ஹென்றி, பிராபாந்துப் பகுதியில் பிறந்த ஹம்ஃப்ரி பிராட்லி என்பவரை 'நாட்டின் கரைகளுக்குத் தலைவர்' ஆக்கிச் சதுப்புகளை வடிக்கச் சொன்னார். அவருக்குப் பின்னால் டச்சு, பிளெமிஷ் ஆட்களும் பணமும் வந்தன. 'டச்சுக்காரர் அரைஞாண்' என்று சொல்லத்தக்க பெயரில் ஒரு கால்வாய் இன்றும் அங்கே ஓடுகிறது.

அவர்களோடு வடக்கத்திய கனத்த குதிரைகளும் வந்து, உள்ளூர்ப் பெட்டைகளோடு கலந்தன என்பதே வழிவழியாகச் சொல்லப்படும் பிறப்புக் கதை. குதிரையைப் பார்த்தால் நம்பத் தோன்றும். மழைக்காலத்தில் நீர் தேங்கி, கோடையில் வெடிக்கும் களிமண் மேய்ச்சல் நிலத்தில் நடக்க ஏற்ற அகன்ற குளம்பு அதற்கு. இரும்பு உழைப்பாளி என்று சொல்ல முடியாது. சேற்றில் நிதானமாக நின்று மேயும் பிராணி.

கூட்டணியில் மற்ற ஆள் புவாத்துக் கழுதை. 'போதே' என்பார்கள். கழுதை என்றதும் நம் மனசில் வரும் சாம்பல் நிறச் சிறு உருவத்தை மறந்துவிடுங்கள். தோள்மேட்டில் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் உயரம், கரும்பழுப்பு நிறம், வெளுத்த வயிறு, முழங்கால் வரை தொங்கும் சடை. 1717-இல் பதினைந்தாம் லூயி அரசருக்காக எழுதப்பட்ட ஒரு குறிப்பு, மேல் புவாத்தில் பெரிய கோவேறு கழுதை உயரத்துக்கு ஒரு பிராணி இருப்பதாகவும், அரையடி நீள மயிரும் வண்டிக் குதிரைக்கு நிகரான கால் மூட்டுகளும் உடையதென்றும் வியக்கிறது. (அரசருக்கு அப்போது வயது ஏழு; குறிப்பைவிடப் படம் காட்டியிருந்தால் மகிழ்ந்திருப்பார்.) அந்தக் காலத்தில் இந்தக் கழுதைகளைச் சீவியதோ தேய்த்ததோ கிடையாது. வருடக்கணக்காகச் சடை பின்னிப் பின்னிக் கந்தல் போர்வைபோல உடம்பில் தொங்கும். அப்படித் தொங்குவதே உயர்ந்த சாதிக்கு அடையாளம் என்று விலை ஏறும். பொலி கழுதைகளைத் தனித்தனிக் கொட்டிலில் அடைத்து வைத்திருக்கும் நிலையத்துக்கு 'அத்தெலியே', அதாவது பட்டறை என்று பெயர். சுற்று வட்டார விவசாயிகள் பருவத்துக்கு வந்த பெட்டைக் குதிரையை அங்கே ஓட்டி வருவார்கள்.

பிறந்த கோவேறு கழுதைக் குட்டிகளைப் பெரும்பாலும் அங்கேயே வைத்து வேலை வாங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மெல் போன்ற ஊர்ச் சந்தைகளுக்கு வரும் வியாபாரிகள் வாங்கித் தெற்கே ஓட்டிப் போவார்கள். பிரனே மலை, ஆல்ப்ஸ், ஸ்பெயின், இத்தாலி எனச் சரக்கு போனது. படைகள் வாங்கின. அமெரிக்காவுக்குப் பொலி கழுதைகளே கப்பலேறின. அங்குள்ள 'மாமத்' கழுதை இனத்தில் புவாத்து ரத்தம் உண்டு. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இது ஒரு தொழில் என்றால் சாதாரணத் தொழில் அல்ல. குதிரைக் குட்டியைவிடக் கோவேறு கழுதைக் குட்டிக்கு நல்ல விலை. அதனால் விவசாயி தன் நல்ல பெட்டையைக் கழுதையிடம்தான் கொண்டுபோவான், குதிரையிடம் அல்ல. இதில் ஒளிந்திருக்கும் ஆபத்தைப் பிறகு சொல்கிறேன்.

அரசாங்கத்துக்கு இந்த ஏற்பாடு அறவே பிடிக்கவில்லை. அரசுப் பொலிகுதிரை நிலையங்கள் குதிரைப் படைக்காகவே நடந்தவை. புரட்சியின்போது கலைக்கப்பட்ட அவற்றை நெப்போலியன் 1806-இல் மீட்டதும் அதற்காகத்தான். குதிரை ஈன வேண்டிய வயிறுகளைக் கழுதைக்கு வீணடிக்கிறார்கள் என்பது அதிகாரிகளின் பொருமல். மெலிந்த, ஒய்யாரமான பொலிகுதிரைகளை அனுப்பிப் புவாத்துக் குதிரையைச் 'சீர்திருத்த'ப் பார்த்தார்கள். கால் மெலிந்தால் கோவேறு கழுதையும் மெலியும் என்று விவசாயிகள் முகம் கொடுக்கவில்லை. விளைவு, இந்த இனம் அரசின் ஆதரவு இல்லாமலே, கிட்டத்தட்ட அரசின் எரிச்சலிலேயே வளர்ந்தது. கடைசியில் 1884-இல் கழுதைக்கும் குதிரைக்குமாக வம்சாவளிப் பதிவேடு திறக்கப்பட்டது. பெர்ஷரோனுக்கு 1883, பூலோனேவுக்கு 1886 என்று மற்ற பிரெஞ்சு இழுவை இனங்களும் பதிவேட்டுக்குள் போகத் தொடங்கிய காலம் அது. ஆனால் இங்கே குதிரையின் பதிவேடு பிறந்ததே கழுதையின் கையைப் பிடித்துக்கொண்டுதான்.

இப்போது உருவம். வெறும் அளவுகளாகச் சொன்னால் தோள்மேட்டில் சுமார் 1.65 மீட்டர், எடை 700 முதல் 900 கிலோ. இதே அளவில் வேறு இனங்களும் உண்டு. வேறுபாடு வார்ப்பில். இழுவைக்கென்றே வளர்த்த பெர்ஷரோனைப் பாருங்கள்: குட்டையான முதுகு, உருண்டு திரண்ட பின்புறம், எல்லாம் இறுகக் கட்டிய மூட்டைபோல இருக்கும். முதுகு குட்டையாக இருந்தால் பின்காலின் உந்துதல் சேதமில்லாமல் நுகத்துக்குப் போகும். புவாத்வேனுக்கு முதுகு நீளம், உடம்பு நீளம், இடுப்பெலும்பு அகலம். தசை அவ்வளவு புடைத்திருக்காது. இழுவைக் குதிரை நீதிபதி பார்த்தால் 'தளர்ந்த கட்டு' என்று மதிப்பெண் குறைப்பார். பிரசவம் பார்ப்பவர் பார்த்தால் 'அடடா' என்பார். ஒரே உடம்புக்கு இரண்டு தீர்ப்பு.

முகம் நீளம், காது தடித்துப் பெரியது. காலெலும்பும் மூட்டும் கனத்தவை. அந்தக் கனத்தைத்தான் கோவேறு கழுதைக்குக் கடத்த ஆசைப்பட்டார்கள். கால் நிறைய மயிர், முழங்காலில் தொடங்கிக் குளம்பை மூடிப் புரளும். பிடரியும் வாலும் அடர்த்தி, சிலவற்றுக்குச் சுருள். கணுக்கால் மயிர் பார்க்க அழகு, பராமரிக்கத் தொல்லை. ஈரத்தில் நின்றால் உள்ளே தோல் புண்ணாகும்; சேற்றுப் புண்ணும் பூச்சியும் மயிரடர்ந்த கால் உள்ள எல்லாக் குதிரைகளுக்குமே வரும் தலைவலி. குளம்பு அகலம் என்று முன்பே சொன்னேன்.

நிறத்தில்தான் இந்த இனம் ஆச்சரியப்படுத்தும். பூலோனே என்றால் வெள்ளைப் பளிங்கு, அநேகமாக எல்லாமே வெளுத்த சாம்பல் நிறம். கோம்த்துவா என்றால் செம்பழுப்பு உடம்பும் வெளிர்ப் பிடரியும். அப்படி ஒரு சீருடை புவாத்வேனுக்கு இல்லை. கறுப்பு, பழுப்பு, செம்மை, சாம்பல், வெள்ளை மயிர் விரவியது எனப் பலவும் கிடைக்கும். தாய்க்குதிரையின் நிறத்தைப் பற்றி யாரும் கவலைப்படாததால் வந்த சுதந்திரம் இது என்பது என் எண்ணம். இவற்றுள் மங்கல் மணல் நிறத்தில், முதுகுத்தண்டு நெடுக ஒரு கருங்கோடும் காலில் வரிக்குதிரைபோல் மங்கிய வளையங்களும் உள்ள ஒரு வகை உண்டு. காட்டுக் குதிரைகளின் பழைய நிறம் அது. பிரெஞ்சு இழுவை இனங்களில் காண்பது அரிது. வேடிக்கை என்னவென்றால், உலகில் பெரும்பாலான கழுதைகளுக்கு முதுகில் கோடும் தோளில் சிலுவையும் இருக்கும். புவாத்துக் கழுதைக்கு அது இருக்கவே கூடாது, இருந்தால் தள்ளுபடி. கழுதைக்கு வேண்டாத கோடு குதிரையிடம் இருக்கிறது.

சுபாவத்தில் சாது, அவசரமில்லாதது. வளர்ச்சியும் மெதுவாகத்தான், முழு உடம்பு கூட ஆறேழு வயது ஆகும். இந்த மெத்தனம் பிறகு அதன் உயிருக்கே உலை வைத்தது.

முதல் உலகப் போர் வரை கோவேறு கழுதைக்குச் சந்தை இருந்தது. போர்க்களங்களே நிறைய விழுங்கின. அதன்பின் லாரி, டிராக்டர், மலைச் சாலைகள் என ஒவ்வொன்றாக வந்து அதன் வேலைகளை எடுத்துக்கொண்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சரிவு வேகமெடுத்தது. இது எல்லா இழுவைக் குதிரைகளுக்கும் நேர்ந்ததுதானே என்பீர்கள். நேர்ந்தது. ஆனால் மற்றவற்றுக்கு இன்னொரு வாசல் திறந்தது, கசாப்பு வாசல். கேட்கச் சங்கடமாக இருந்தாலும் உண்மை இதுதான்: பிரான்சில் இழுவைக் குதிரை இனங்கள் 1960களுக்குப் பிறகு பிழைத்திருப்பதற்கு முக்கியக் காரணம் இறைச்சிச் சந்தை. பிரெத்தோன், கோம்த்துவா, அர்தெனே எல்லாம் சீக்கிரம் வளர்ந்து எடை போட்டன. விவசாயிக்கு அவற்றை வைத்துக்கொள்ள ஒரு காரணம் இருந்தது. புவாத்வேன் மெதுவாக வளரும், எலும்புக்குத்தான் எடை, சதைக்கு அல்ல. தின்ன வைத்த தீவனத்துக்குக் கணக்குப் பார்த்தால் நஷ்டம். புவாத்து விவசாயிகளே தங்கள் கொட்டிலில் பிரெத்தோன் குதிரையைக் கட்டத் தொடங்கினார்கள்.

பெர்ஷரோனுக்கு இதைவிடப் பெரிய அதிர்ஷ்டம். 19ஆம் நூற்றாண்டிலேயே ஆயிரக்கணக்கில் அமெரிக்கா போய் அங்கே வேரூன்றிவிட்டதால், தாய்நாட்டில் குறைந்தாலும் உலகத்தில் குறையவில்லை. பூலோனேவுக்குக் கதை கைகொடுத்தது: பூலோன் துறைமுகத்து மீனை ஒரே நாளுக்குள் பாரிசுக்கு ஓட்டிச் சேர்த்த குதிரை என்ற புகழை வைத்தே 1990களிலிருந்து அந்தப் பாதையில் பந்தயம் நடத்தினார்கள். புவாத்வேனுக்குச் சொல்ல என்ன கதை? ஊர் ஊராக ஓடியது அதன் பிள்ளைகள். அது சதுப்பில் நின்று மேய்ந்துகொண்டிருந்தது.

இப்போது, முன்பு ஒத்திவைத்த ஆபத்து. கழுதையோடு சேர்ந்த பெட்டை ஈனுவது மலட்டுக் குட்டி. அந்த வருடம் குதிரை இனத்தின் கணக்கில் பூஜ்யம். நல்ல பெட்டைகளை எல்லாம் கழுதைக்குக் கொடுத்தால், அடுத்த தலைமுறைத் தாய்கள் மிச்சம் மீதியிலிருந்துதான் வர வேண்டும். ஆயிரக்கணக்கான பெட்டைகள் இருந்தவரை இது உறைக்கவில்லை. கூட்டம் பெரிது, மிச்சமும் பெரிது. கூட்டம் சுருங்கியதும் கழுத்தை நெரித்தது. அத்துடன் ஆண் கழுதையால் பெட்டைக் குதிரை சினை பிடிப்பதும் குதிரையால் பிடிப்பதைவிடக் குறைவு. பாதி வருடங்கள் வெறும் வயிற்றோடு போகும்.

விழித்துக்கொண்டவர்கள் முதலில் கழுதையைத்தான் பார்த்தார்கள். 1977-இல் எண்ணியபோது புவாத்துக் கழுதை மொத்தம் 44. அந்த எண் எல்லோரையும் உலுக்கியது. தாம்பியேர்-சுர்-பூத்தோன் என்ற ஊரில் கழுதைகளுக்கென்றே ஒரு வளர்ப்பு நிலையம் அமைத்தார்கள். போர்ச்சுகல் பெட்டைக் கழுதைகளைக் கொண்டுவந்து, புவாத்து ஆண்களோடு தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து, கலப்பு ரத்தத்தைப் படிப்படியாகக் கரைத்து எண்ணிக்கையை ஏற்றினார்கள். சடை தொங்கும் விநோதக் கழுதை என்பதால் பத்திரிகைகள் எழுதின, மக்கள் பார்க்க வந்தார்கள். பக்கத்துக் கொட்டிலில் நின்ற குதிரை மீது வெளிச்சம் விழக் காலம் பிடித்தது. 1990களில் சில நூறு தலைகளே மிஞ்சியிருந்தன. பொலிகுதிரைகளோ மிகச் சில.

எண்ணிக்கையைவிடக் கவலை அவற்றின் உறவு. மரபணுவைப் பார்த்தபோது எல்லாமே நெருங்கிய சொந்தம் என்று தெரிந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒருமுறை, கடைசியில் இன்னொருமுறை என இரண்டு தடவை இனம் மிகச் சில குதிரைகளாகச் சுருங்கி, ஊசிக்கண்ணில் நுழைந்து வந்திருக்கிறது. ஃப்ரீசியன், பெல்ஜிய இழுவைக் குதிரை போன்ற பழைய வடக்கத்தியச் சொந்தங்களிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுக்கலாமா என்றுகூட யோசனை எழுந்தது. அன்றாடத்தில் நடப்பது எளிமையானது: எந்தப் பெட்டைக்கு எந்தப் பொலிகுதிரை என்று வம்சாவளி பார்த்து, உறவு குறைந்த சோடியைப் பரிந்துரைப்பது. நம்மூரில் கோத்திரம் பார்த்துப் பெண் எடுக்கும் அதே தர்க்கம், கணினியில்.

இன்றைக்கும் ஆண்டுக்குப் பிறக்கும் குட்டிகள் மிகக் குறைவுதான். கழுதை, குதிரை, கோவேறு கழுதை மூன்றையும் ஒரே சங்கம் பார்த்துக்கொள்கிறது. சதுப்பு நிலங்களில் புல் மண்டாமல் மேய்த்துக் காப்பதற்கும், திராட்சைத் தோட்டத்தில் வரிசைகளுக்கு நடுவே உழுவதற்கும், சுற்றுலா வண்டி இழுப்பதற்கும் பயன்படுகிறது. ஆக, பெயருக்கேற்ற இழுவை வேலையை அது உண்மையாகச் செய்யத் தொடங்கியதே இந்தக் காலத்தில்தான். சவாரிக்கும் சிலர் பழக்குகிறார்கள். அந்த நிதானம் புதியவர்களுக்கு ஒத்துவரும். வாங்க நினைப்பவருக்கு ஒரு வார்த்தை: மூன்று வயதில் பார்த்து, 'என்ன இப்படி ஒட்டிக்கிடக்கிறது' என்று தள்ளிவிடாதீர்கள், வேலைக்கும் அவசரப்படுத்தாதீர்கள். எலும்பு முற்றும் வரை பொறுக்க வேண்டும்.

பழைய முடிச்சு மட்டும் அவிழவில்லை. கோவேறு கழுதைக்கு இப்போது மலைப்பயணம், காட்டு வேலை என்று சிறிய அளவில் மறுபடி ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல புவாத்துக் கோவேறு கழுதைக்குக் கிராக்கியும் உண்டு. அதை ஈனத்தானே இந்தக் குதிரை? ஆனால் ஒரு பெட்டையைக் கழுதையிடம் விட்டால், அந்த ஆண்டு ஒரு புவாத்வேன் குட்டி குறைகிறது. இருப்பதே சில நூறு பெட்டைகள். விடாமலே இருந்தால், எந்த வேலைக்காக இந்த நீண்ட முதுகும் அகன்ற இடுப்பும் உருவாயினவோ அந்த வேலையை யாரும் சோதிப்பதில்லை; இன்னும் சில தலைமுறையில் கண்காட்சியில் எடுபடும் கச்சிதமான உடம்பை நோக்கித் தேர்வு நகர்ந்துவிடும். வளர்ப்பவர்கள் ஒவ்வொரு வசந்தத்திலும், பெட்டை பருவத்துக்கு வரும்போது, எந்தக் கொட்டிலுக்கு ஓட்டிப்போவது என்று இதைத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.